நாற்பது ரூபாய்

கொச்சியில் திங்கட்கிழமை கப்பல்.
சனிக்கிழமை முழுசாய் நம் கையில்.
கரண்ட் பில்லின் முதுகில் எழுதியிருந்தாய்
பதினொரு கடைகள்,
நாலு வேளைக்கு.
எனக்கு எப்போதிருந்து நாலு வேளை?

"மறக்கவே முடியாத மாதிரி சாப்பிடணும்" என்றாய்
ஹெல்மெட் வாரை என் தாடைக்குக் கீழே மாட்டியபடி.
அதற்கு எந்த வீதிக்குத் திரும்புவது என்றுதான்
நெல்லித்தோப்பு சிக்னலில்
பச்சை விழுந்தும் நின்றோம்.
பின்னால் ஒரு தண்ணி லாரி
நம் இரண்டு பரம்பரையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

ரோமன் ரோலண்டு வீதியில்
காகிதப்பூ கவிந்த முற்றம்தான் உன் முதல் வரி.
மஞ்சள் சுவர், பித்தளை மணி,
வெளியூர் கார்கள்,
ஒரு குரோசானுக்காக முப்பது பேர் வரிசை.
நான் சிரித்துவிட்டேன், லூர்துராஜ்.
திங்கள் முதல் விடியுமுன் மூன்று மணிக்கு
அதைத்தான் சுருட்டப் போகிறேன்
எண்ணூறு, தொள்ளாயிரம்,
வெண்ணெயை மடித்து, ஆறவிட்டு, மறுபடி மடித்து.
இருநூற்றிருபது கொடுத்து
என் வேலையை நானே தின்பதா?

மதியம் குபேர் அங்காடிக்குப் பின்னால் ஒரு மெஸ்.
கானாங்கத்தை வறுவல் இப்போதுதான் தீர்ந்ததாம்.
கடைசித் துண்டு
எதிரே உட்கார்ந்தவர் இலையில் இருந்தது.
அவர் முள்ளெடுத்த நிதானத்தை
நான் பார்ப்பது தெரிந்து
இலையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
நமக்கு வந்த நெத்திலிக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.
என்ன ருசி என்று இப்போது கேட்டால்
அந்த மனுஷனின் விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

வடவம் தாளித்த ரகு
உன் அக்கா பிலோமின் சத்தியம் செய்த இடம்
ஷட்டரில் ஒரு தாள்:
'வேளாங்கண்ணி போயிருக்கிறோம். செவ்வாய் திறக்கும்.'
செவ்வாய் நான் லட்சத்தீவுக்கு அப்பால்.

கடற்கரைச் சாலையில் பாறை மேல் உட்கார்ந்து
"நீ போற தண்ணியும் இதே தண்ணிதான்" என்றாய்.
"இது வங்காளம், அது அரபு" என்றேன்.
அதில் ஒரு சண்டை.
கரண்ட் பில்லை நாலாய் மடித்துப் பையில் வைத்தாய்
மேலும் ஏழு கடைகள் அதற்குள் இருட்டிவிட்டன.

மழை பிடித்துக்கொண்டது.
பேருந்து நிலையத்துக்கு எதிரே
எந்தப் பட்டியலிலும் சேராத பரோட்டாக் கடை.
தகரத்தில் மழை, கல்லில் கொத்து,
இரண்டுக்கும் நடுவே நீ ஏதோ சொன்னாய்,
காதில் விழவில்லை, தலையாட்டினேன்.
கப்பலில் அறுபது வகை வைப்போம்.
யாரும் யார் தட்டையும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.
இங்கே வாளியோடு வந்தவர்
எட்டிப் பார்த்தார்,
வேண்டுமா என்று கேட்கவில்லை,
சால்னாவை ஊற்றிவிட்டு நகர்ந்தார்.
எனக்குப் போதும்தான்.
போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

இருநூற்று அறுபது.
மழைக்கு நெட் போய்விட்டது, முன்னூறு நீட்டினேன்.
"சில்லறை இல்லம்மா, அடுத்த வாட்டி வரப்போ வாங்கிக்க."
கல்லாவுக்கு மேலே தொங்கிய காலண்டர் அட்டையில்
பென்சிலால் எழுதினார்:
பச்சை சுடிதார் 40.

விளக்கை அணைத்த பிறகு சொன்னாய்,
"நாளைக்கு அந்தப் பக்கம்தான் போறேன்,
வாங்கிட்டு வந்துடறேன்."

தொடாதே.
ஒன்பது மாதம் அது அங்கேயே கிடக்கட்டும்.
அந்தப் பக்கம் போனால்
காலண்டரை மட்டும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்.

எழுந்து போய்
காயாத பச்சை சுடிதாரைப்
பிளாஸ்டிக் பையில் சுற்றிப்
பெட்டிக்குள் வைத்தேன்.