முப்பத்தொரு மீட்டர்

அட்டவணையில் இன்றைக்குப் பதினாறு கிலோமீட்டர்.
ஜன்னலில் டில்லி இல்லை.
எதிர்க் கட்டடத்தின் சிவப்பு விளக்கு மட்டும்
கஞ்சியில் மிதக்கும் ஊறுகாய்த் துண்டுபோல.
காற்றின் எண் நானூற்றுப் பன்னிரண்டு
என்கிறது கைப்பேசி.
ஈப்போவில் இந்த எண்ணை
மின்கட்டண ரசீதில்தான் பார்த்திருக்கிறேன்.

கையுறை செய்யும் இயந்திரம் ஒன்றை விலைபேச
பதினொரு நாள் அனுப்பியிருக்கிறார்கள்.
ஓட்டக் காலணி வைக்க இடமில்லாமல்
இரண்டு சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு வந்தேன்.
டிசம்பரில் பினாங்குப் பாலம்.
கூட்டம் நீண்டது, மூட்டம் சூழ்ந்தது என்றால்
பாலம் ஒரு முழம் குறைந்துகொள்ளுமா?

வந்த இரவு
ஆட்டோக்காரர் வழி கேட்ட இடத்திலெல்லாம்
சீதா, சீதா என்றார்கள்.
யாரம்மா இந்தச் சீதா,
கரோல்பாக் முழுக்கத் தெரிந்த பெண்,
என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.
நேராகப் போ என்று அர்த்தமாம்.
மறுநாள் தொழிற்சாலையில் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆகவே மூன்றாம் மாடி நடைவழி.
முதல் கதவிலிருந்து தீயணைப்பு வாளி வரை
செருப்பால் அளந்தேன்: முப்பத்தொரு மீட்டர்.
எந்த மந்திரியும் நடந்திராத சிவப்புக் கம்பளம்.
விடிகாலை நாலரைக்கு
போய், திரும்பி, போய், திரும்பி.
முந்நூற்று நான்கில் குறட்டை.
முந்நூற்று ஏழில் ஒரு குழந்தை இருமுகிறது;
ஐந்தாவது சுற்றில் இருமியது,
நாற்பதாவதிலும்.
எட்டின் வாசலில் நேற்றைய தட்டு, பாதி ரொட்டி.

கைக்கடிகாரம் வானத்தைத் தேடித் தேடிக் களைத்து
நான் சுவரைத் துளைத்துத் தெருவைக் கடந்து
யார் வீட்டுச் சமையலறையிலோ நிற்பதாக
வரைபடம் போட்டது.
ஓடிய தூரம் பூஜ்யம் புள்ளி நான்கு.
சட்டையைப் பிழிந்து காட்டினாலும்
செயற்கைக்கோள் நம்பாது.

இரவுப் பணிக்காரர் நேகி மாடியேறி வந்தார்.
புகார்தான் என்று நின்றுவிட்டேன்.
கம்பளிக் குல்லாய். அவருக்கு ஆங்கிலத்தில் நாலு சொல்,
எனக்கு இந்தியில் அந்த ஒன்று.
என்னைக் காட்டினார்,
எனக்குப் பின்னால் காலியாய்க் கிடந்த நடைவழியைக் காட்டினார்,
யார் துரத்துகிறார்கள் என்று கையை விரித்தார்.
திரையில் பாலத்தைக் காட்டினேன்,
கடல்மேல் போய்க்கொண்டே இருப்பதை.
வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கீழே போய்
ஆணிகளில் தொங்கிய காலி அறைச் சாவிகளையெல்லாம்
ஒரு கூடையில் அள்ளி வந்தார்.
பத்து தடவைக்கு ஒரு சாவி.
படிக்கட்டு முனையில் உட்கார்ந்து
அவர் அதைத் தரையில் வைக்கும்போது
பித்தளை வில்லை எழுப்பும் சத்தம் இருக்கிறதே,
அதற்கப்புறம் கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன்.
பதினாறு இல்லை, ஒன்பது.
இருபத்தொன்பது சாவிகள்.
இந்த மாதம் வியாபாரம் மந்தம் என்பதுபோல்
உதட்டைப் பிதுக்கினார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி காற்று அடித்தது,
பிறகு கொஞ்சம் மழை.
விடிந்தால் ஜன்னலில் டில்லி:
கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்,
கம்பியில் மாட்டிய பட்டத்தின் வால்,
யாரோ மறந்துபோன ஒரு பள்ளிச் சீருடை.
லிப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை.
நனைந்த தெரு, மூடிய கடைகள்,
எதிரே ஒரு கதவும் இல்லாத தூரம்.
இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று,
கால் தானாகத் திரும்பியது.
அங்கே இல்லாத வாளியைத் தொடக்
கை நீண்டது.
மறுபடி கிளம்பினேன். மறுபடியும் திரும்பினேன்.
படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்து பார்த்தது.

விடுதிப் படியில் நேகி,
ஒரு கையில் தேநீர்,
இன்னொரு கையைச் சாலையின் கோடிக்கு வீசி
சீதா! என்று கத்தினார்.
சீதா! சீதா!

என் பெயர் தவமணி.
கூப்பிட்ட பெயருக்குத்
திரும்பாமல் ஓடினேன்.