பசை இல்லாத ஊர்

ஏழு முறை.
காஸ் வால்வை மூடிவிட்டேனா என்று ஏழு முறை.
எட்டாவது, பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து.

முதுநகர் கூட்டுறவு வங்கியில் நான் கேஷியர்.
எண்ணுவதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
எண்ணி முடித்த பின்னும் எண்ணியது
யாருக்காக என்று தெரியாமலே
மூன்று வருடம் போனது.

புதுச்சேரியில் டாக்டர் பத்மாசனி
மாத்திரை எழுதினார். பேனாவை மூடாமலே,
"உடைஞ்ச பொம்மை ஏதாவது கிடைச்சா
எடுத்து வைங்க" என்றார்.
பேனாவை மூடவில்லை என்பதை மட்டும்
முள்ளோடை தாண்டும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

பொம்மைகள் தாமாக வந்தன என்றால் பொய்.
தேடினேன்.
மாசி மகத்துக்கு மறுநாள் தேவனாம்பட்டினத்தில்
அலை துப்பிய பிளாஸ்டிக் சிப்பாய், துப்பாக்கியில் பாசி.
சண்டே மார்க்கெட்டில் பத்து ரூபாய்க்கு
கிறிஸ்துமஸ் குடிலின் இடையன்;
ஆட்டுக்குட்டி உடைந்துபோய்
தோளில் நான்கு குளம்பு மட்டும் மிச்சம்.
பெண்சாதியைத் தொலைத்த கொலுச் செட்டியார்,
கடையையும்தான்.
பேக்கரி வாசலில் கேக்கிலிருந்து விழுந்த மாப்பிள்ளை,
முழங்கால்வரை கிரீம், கிரீம்வரை எறும்பு.
காரில் தலையாட்டிய நாய். இப்போது ஆட்டுவதில்லை,
யோசிக்கிறது.
வங்கியைப் பெருக்கும் சகாயமேரி
ஏ.டி.எம். குப்பைக்கூடையில் கண்டெடுத்த
சிவப்பு நீர்யானை, கட்டைவிரல் அளவு.
"உங்களுக்கு இந்த மாதிரிதான் வேணுமாமே" என்றாள்.
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

தானே புயலில் செத்த ஃப்ரிட்ஜின் கதவு
மொட்டைமாடி அறையில் கிடந்தது.
அதைப் படுக்கவைத்தேன். முட்டைக்குழிகள் ஆறு.
வெண்ணெய்க்கு ஒரு மூடிபோட்ட பெட்டி.
ஊர் ஒன்றுக்கு அது போதும்.

விதி ஒன்றுதான் என்று டாக்டர் மூன்று சொன்னார்:
பசை கூடாது.
தினமும் ஒன்றையாவது இடம் மாற்ற வேண்டும்.
மாற்றியதைப் போய்ப் பார்க்கக் கூடாது.

முதல் இரவு சிப்பாயை நீர்யானைக்கு எதிரே வைத்தேன்.
கோணல்.
விளக்கை அணைத்தேன். போட்டேன். அணைத்தேன்.
அந்தக் கோணல் இருட்டில் நிற்பது
மேலே யாரோ மூச்சுவிடுவதுபோல் கேட்டது.
படியேறிப் போய் நேராக்கினேன்.
இப்படிப் பதினோரு இரவு.

பன்னிரண்டாம் இரவு தூங்கினேன் என்று எழுதினால்
நன்றாகத்தான் இருக்கும்.
ஐப்பசியில் காய்ச்சல் வந்தது,
படியேற முடியவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் நாள் போய்ப் பார்க்கிறேன்.
செட்டியார் வெண்ணெய்ப் பெட்டிக்குக் குடிபோயிருக்கிறார்.
மாப்பிள்ளை நாயோடு நிற்கிறான்.
இடையன் தோளில், அந்த நான்கு குளம்பின்மேல்,
நீர்யானை.

கீழே வந்து "யாரு?" என்றேன்.
எழிலரசு பேப்பரை இறக்கவில்லை.
"சும்மா, கை போச்சு."

பத்தொன்பது வருடமாக
நான் வைத்த கோட்டில் டம்ளரை வைக்கிற மனிதர்.
செருப்பைக்கூட என் செருப்பைப் பார்த்து விடுகிறவர்.
அந்தக் கைக்கு இப்படியொரு யோசனை வரும் என்று
எனக்குத் தெரியாது.

மறுபடி மேலே போனேன்.
நீர்யானையை இறக்கத்தான் போனேன்.
சிப்பாயை எடுத்து ஒரு முட்டைக்குழியில்
உட்காரவைத்துவிட்டு வந்தேன்.
துப்பாக்கி மட்டும் வெளியே தெரிந்தது,
குளத்தில் மீன்பிடிக்கிறவன் தூண்டில்போல.

இப்போது ராத்திரியில் அவர் ஒன்று, நான் ஒன்று.
அதைப்பற்றிப் பேசுவதில்லை.
சில நாள் அவர் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை,
உள்ளங்கை வியர்க்கிறது,
வியர்த்தபடியே கீழே இறங்கி
தோசைக்கு மாவு எடுத்து வைக்கிறேன்.

காஸ் வால்வு நேற்று நான்கு முறை.
இன்று ஐந்து. மழை வேறு.

சகாயமேரிக்குக் கடற்கரையில்
பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும் கிடைத்திருக்கிறதாம்,
திங்கட்கிழமை கொண்டுவருகிறாள்.
அதை எங்கே வைப்பது என்று
நான் இன்னும் யோசிக்கவில்லை.