பத்துச்சீட்டு

முதலில் ஒரே ஒரு குளிசைதான்.
டிக்கோயா கிளினிக்கில் பிரஷருக்குத் தந்தது.
வெள்ளை, சட்டைப் பொத்தானிலும் சின்னது.
மூன்றாம் மாதம் கால் வீங்கியது.
செருப்பு வார் பதிந்த பள்ளம்
விடிந்தும் மேலே வரவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஐயா
அழுத்திப் பார்த்து, நீர் என்றார்.
நீர் இறங்க ஒன்று.
கவரில் சிங்களத்தில் என்னவோ எழுதியிருந்தது.
பஸ் போர்டில் ஹட்டன் என்றால் வாசிப்பேன்,
அவ்வளவுதான் என் சிங்களம்.
காலையில் போட வேண்டியதை
ராத்திரி போட்டேன்.

எங்கள் லயத்துக்குக் கக்கூஸ் தொங்கலில்.
ஒன்பது காம்பரா தாண்டி, பதினொரு படி இறங்கி,
ராத்திரிக்கு நாலு தரம்.
பனிக்குள் டோர்ச் வெளிச்சம்
கை நீளத்துக்கு மேல் போகாது.
ஏழாம் காம்பரா நாய்கூட
என்னைக் குரைப்பதை விட்டுவிட்டது.

தூக்கம் போனதற்கு ஹட்டனில் பிரைவேட் டொக்டர்.
"வேற என்ன குடிக்கிறீங்க?"
சாயத்தண்ணி, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, எழுதினார்.
நல்ல தூக்கம்தான்.
எழும்பி நடந்த காலும் தூங்கிக்கொண்டே நடந்து
எட்டாம் படியில் விழுந்தேன்.

முழங்காலுக்குப் பக்கத்துக் காம்பரா செபமாலை
மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சிவப்பில்
பத்தை எண்ணிக் கையில் வைத்தாள்.
"வலி பறந்துரும் புள்ள."
பறந்தது.
அடுத்த கிளினிக்கில் பிரஷர் ஏறிக் கிடந்தது.
வெள்ளையை இரண்டாக்கினார்கள்.

ஒரு மலைக்கு நாலு கங்காணி.
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை.
ஆளுக்கொரு பக்கமாய் ஆள் இறக்கினார்கள்.
மலை நான்.

பாமசி ரிஸ்னாதான் கேட்டாள்,
"வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் கொண்டுவாங்க."
பிஸ்கட் டின்னைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்தேன்.
பெரட்டுக்களம் மாதிரிக் குவிந்து நின்றன,
பேர் கூப்பிட ஆளில்லாமல்.
எது எதுக்கு என்று அவள் கேட்கவில்லை.
"எது முதல்ல வந்திச்சு?"
இத்தனை நாளில் யாரும் கேட்காதது.
நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய் நகர்த்தினாள்.
வரிசை வளைந்துகொண்டே போய்
சிவப்பு, வெள்ளையைத் தொட்டது.

அவள் ஒன்றையும் வீசவில்லை.
"நீங்களா நிப்பாட்டிறாதீங்க," என்று
கிளினிக்குக்குக் கடிதம் எழுதினாள், சிங்களத்தில்.
எனக்குத் தமிழில் இரண்டு தரம் வாசித்தாள்.

டொக்டர் வெள்ளையை மாற்றினார்.
தூக்கத்தை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து,
மூன்றுக்கும் பத்துச்சீட்டு.
துரையை எதிர்த்துப் பேசியதற்கு
அப்பாவுக்கு ஒன்று கொடுத்தார்கள் ஒருகாலம்.
மூட்டையோடு ரோட்டில் நின்று அழுதோம்.
இதை நான் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

கால் வற்றிவிட்டது.
முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது.
செபமாலை இன்னும் டப்பாவை நீட்டுகிறாள்,
நான் தைலம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.
ராத்திரிக்கு ஒரு தரம், சில நாள் அதுவும் இல்லை.
ஏழாம் காம்பரா நாய்
என்னை மறந்துபோய்
திரும்பவும் குரைக்கிறது.