எட்டாம் எண் மேசை

செய்முறைத் தேர்வுக்கு முந்தின சாயங்காலம்
பைன் கூம்பைக் காணவில்லை.
யாரோ கொடைக்கானல் சுற்றுலாவில் பொறுக்கி வந்தது,
பதினோரு வருஷமாய் அலமாரியில் கிடந்தது.
ஐப்பசி ஈரத்தில் செதில்களை மூடிக்கொள்ளும்,
சித்திரையில் விரிக்கும்.
மண்டபத்தில் மழை எப்போது என்று
நான் வானொலியைக் கேட்டதில்லை.

ஏழாம் எண்ணுக்குக் கவலையில்லை.
அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால்
நல்லதண்ணீர்க் கிணற்றில்
ஆறாவது உறைக்குக் கீழே பெரணி உண்டு.
தொரட்டியால் ஒன்றைக் கொய்து
செய்தித்தாளில் கவிழ்த்து வைத்தேன்.
விடிந்தபோது பழுப்புப் பொடி உதிர்ந்து
மணமகன் தேவை பத்தியில்
வயதையும் சம்பளத்தையும் மறைத்திருந்தது.

எட்டுக்கு என்ன செய்ய?
கடற்கரைச் சவுக்கில் காய் பறித்து வைத்தேன்.
இலை ஊசி மாதிரி, காய் கூம்பு மாதிரி,
காற்றடித்தால் இரைச்சலும் இருக்கிறதே.

முப்பத்தொரு பேர்
'பைன், ஜிம்னோஸ்பெர்ம்' என்று எழுதினார்கள்.
வேதாளையிலிருந்து வரும் சித்தி ருமைசா மட்டும்
'சவுக்கங்காய். எங்கள் வீட்டில் அடுப்பெரிப்போம்.'

பரமக்குடியிலிருந்து வந்த தேர்வாளர்
காயை உள்ளங்கையில் உருட்டினார்.
'இது பூக்கிற சாதி, ஜெசிந்தா.
பூ கண்ணில் படாது, அவ்வளவுதான்.'
கோபமில்லை. டீ கேட்டார்.
எல்லோருக்கும் மதிப்பெண் போட்டார்,
ருமைசாவுக்கு ஒன்று கூட.

உதவியாளருக்கு நாற்காலி கிடையாது.
கதவோரம் நின்றே எனக்குப் பாடமானது இது:
பைன் தன் பிள்ளைக்குச் சோறு கட்டி
மேலே தோல் போர்த்தி
சிறகும் வைத்து அனுப்பும்.
மகரந்தம் காற்றிலேயே வீடு சேரும்,
வழியில் தண்ணீர் கேட்காது.

பெரணி எதையும் கட்டிக்கொடுக்காது.
உதறிவிடும், தூசியாய்.
ஏதோ ஒன்று ஈரச் சுவரில் ஒட்டினாலும்
உடனே பெரணி முளைத்துவிடாது.
முதலில் நகத்தளவில் ஒரு பச்சை,
இதயம் போல வெட்டியது,
யாரும் பார்க்காதது.
அதன்மேல் ஒரு சொட்டு தங்க வேண்டும்.
அந்தச் சொட்டுக்குள் நீந்திப் போய்த்தான்
ஒன்று இன்னொன்றைத் தொடும்.

சுற்றிலும் இவ்வளவு கடல்.
அதில் ஒரு சொட்டுகூட அதற்கு ஆகாது.

அன்று மாலை தண்ணீருக்குப் போனேன்.
குடம் பதினைந்து ரூபாய் விற்கிற கோடை.
இழுக்கும்போது வாளி
ஆறாவது உறையில் இடித்துத் தளும்பியது.
நான் கயிற்றை நேராக்கவில்லை.