அக்ரூட் அளவு

பூக்கிற நேரத்தில் பனி கருக்கிவிட்டுப் போன வருஷம்.
இருந்தாலும் அர்ஸ்லன்போப் ஊரே
வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக்கு வந்துவிட்டது.
அக்ரூட் மரத்தடியில் கூடாரம்,
உள்ளே ஏழு பேர்.
வாசலோரத்து இடம் எனக்கு என்று
யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது.

பதினொன்றரைக்கு ஒரு தரம்.
ஒன்றேகாலுக்கு.
மூன்று மணிக்கு நான் எழுந்தபோது
நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஜலாலாபாத்தில், போன மாதம்,
டாக்டர் புருலாய் அடிவயிற்றில் பசை தடவிக்
கருவியை ஓட்டினாள்.
என் பேத்தி வயசிருக்கும். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.
"புற்று இல்லை, பயப்படாதீர்கள்.
அக்ரூட் அளவில் இருக்கவேண்டியது
எலுமிச்சை அளவாகியிருக்கிறது."
எந்த மரத்து அக்ரூட் என்று கேட்டேன்.
நிஜமாகத்தான் கேட்டேன்.
எங்கள் காட்டில் மரத்துக்கு மரம் காய் வேறு.
சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினாள்.
எலுமிச்சையை நான்
தேநீரில் மிதக்கும் துண்டாகத்தான் கண்டிருக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது ஹோலிதா
ரொட்டி மாவிலிருந்து கையை எடுக்காமல்,
"மரமெல்லாம் பொய்த்த வருஷத்தில்
நீங்களாவது காய்த்தீர்களே" என்றாள்.
அன்றிரவு மூன்றாம் தரம் நான் எழுந்தபோது
விளக்கைப் பிடித்துக்கொண்டு
அவளும் பனியில் வந்து நின்றாள்.

இப்போது விளக்கில்லை.
வந்துவிடும் வந்துவிடும் என்கிறது, வரவில்லை.
அடிவயிறு கல்.
விரல்கள் பித்தானிலேயே விறைக்கின்றன.
ஒரு சொட்டு.
ரப்பர் செருப்பின் மேல் இன்னொன்று.

பக்கத்து மரத்தடியில் யாரோ இருமினார்கள்.
தோஷ்தெமிர்.
எல்லைக்கல் தகராறில்
எட்டு வருஷமாகப் பேச்சில்லை.
பதினாறு வயதில் இதே சரிவில் நின்று
யாருடையது ஓடையைத் தாண்டும் என்று
பந்தயம் கட்டியவர்கள் நாங்கள்.
ஜெயித்தது யார் என்பதிலும் தகராறு உண்டு.

திரும்பிப் போகலாம்தான்.
பாதியில் எப்படிப் போவது?
அவனும் போகவில்லை.
இரண்டு கிழவர்கள், இரண்டு மரம்,
கீழே எங்கோ ஓடை
ஒரு தடங்கலுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பக்கத்தில்தான் முதலில் சத்தம் கேட்டது.
மெலிசாக, விட்டு விட்டு,
ஆனால் கேட்டது.
பொறாமையை என்னால் அடக்க முடியவில்லை.

"என்ன மாத்திரை?" என்றேன்.

வெகுநேரம் பதிலில்லை.
முடித்துவிட்டுப் பேசுவான் போலிருக்கிறது.
"பேர் தெரியாது. மஞ்சளாக இருக்கும்.
விடியட்டும், காட்டுகிறேன்."