செவிட்டுத் திசை

முதல் பிழை, நீளம்.
இருபத்தைந்து மீற்றர் செப்புக் கம்பியைக்
கூரை விளிம்பிலிருந்து மேப்பிள் மரம் வரை
இழுத்துக் கட்டினேன்.
பெரிய வலைக்குப் பெரிய மீன் என்ற நினைப்பு.
ஏறியதெல்லாம் சேறு.

மூஸ் ஜாவில் நவம்பர் என்றால்
ஐந்தரைக்கே இருட்டு.
சிற்றலைக்கு அது நல்ல நேரம்.
கடல் தாண்டிய குரல்கள்
வானத்தின் உட்கூரையில் பட்டுத் தெறித்து
இந்தச் சமவெளியில் விழ வேண்டும்.
என் வானொலியில் விழுந்தது
சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்,
ஓயாத சீறல்.

பற்றரியில் ஓடும் வானொலியோடு
நிலவறைக்கு இறங்கி
மின்பெட்டியின் ஆளிகளை
ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
சமையலறையில் மாற்றமில்லை.
சலவை இயந்திரம் போகும்போது
தன் டிக் டிக்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று.
கூடத்து எல்.இ.டி. விளக்கு,
மலிவென்று நான்தான் வாங்கியது,
முப்பத்தொரு மீற்றர் பட்டையை
முழுசாக விழுங்கியிருந்தது.
அது இரவோடிரவாகக் குப்பைக்குப் போனது.

ஏழாவது ஆளி, படுக்கையறை.
சீறல் கத்தரித்தது போல அறுந்தது.
மேலே வரோதயன் இருமினான்.
"என்னப்பா செய்யிறாய் அங்கை?"

அவனுடைய மூச்சு இயந்திரம்.
சப்பாத்துப் பெட்டி அளவு,
ஒரு குழாய், ஒரு முகமூடி.
தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தொரு தடவை
மூச்சுவிட மறக்கிறான் என்று
ஆஸ்பத்திரியில் எண்ணிச் சொன்னார்கள்.
மறப்பவனுக்கு ஞாபகமூட்ட
விடிய விடிய அது ஓடும்.

ஆளியை மேலே தள்ளினேன்.

அதன் வயரைக் கரிய பெரைற்று வளையத்தில்
ஒன்பது சுற்றுச் சுற்றினேன்.
பாதி அடங்கியது.
மற்றப் பாதிக்கு
அன்ரெனாதான் வீட்டைவிட்டுப் போக வேண்டும்.
நீளக் கம்பியை அவிழ்த்தேன்.
ஒரு மீற்றர் அலுமினிய வளையம்,
பின்வேலி மூலையில் மரக்கழி,
மண் இறுகுமுன் புதைத்த கேபிள்.
பக்கத்து வீட்டு டோரீன்
வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள்,
உடுப்புக் காயப்போடவா, இந்தக் குளிரிலா?

வளையத்துக்கு ஒரு குணம் உண்டு.
நேருக்கு நேர் முகம் கொடுத்தால்
காது கேட்காது.
பக்கவாட்டில் நின்றால்
ஊசி விழுந்தாலும் கேட்கும்.
(கலியாணத்துக்கும் பொருந்துமா என்று
நான் ஆராயவில்லை.)
அவன் தூங்கிய பிறகு
ஹெட்போனோடு பனியில் நின்று
கழியை விரல் விரலாய்த் திருப்பினேன்.
படுக்கையறை ஜன்னலை
வளையம் நேரே பார்த்த கணம்
இரைச்சல் கிணற்றுக்குள் இறங்கியது.
அடியிலிருந்து
யாரோ ஒருவர் ஸ்பானிய மொழியில்
வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

குளிர்காலம் முழுக்கக் கராஜில் இருந்தேன்,
கம்பளிக்குள், காதுகள் மட்டும் ஊரில் இல்லாமல்.

ஜனவரியில் உறைமழை பெய்த ஓர் இரவு
எல்லாம் திடீரென்று துலங்கின.
கிணறும் இல்லை, அடியும் இல்லை.
ஏதோ தீவின் அறிவிப்பாளர்
துறைமுகம் துறைமுகமாய்
வற்றுப்பெருக்கு நேரம் வாசித்தார்.
அவர் தாள் புரட்டுவது கேட்டது.
எச்சில் விழுங்குவது கேட்டது.
இப்படி ஒரு தெளிவு
எந்தக் கம்பியும் எனக்குத் தந்ததில்லை.
மூன்று துறைமுகங்கள் கேட்டேன்.

நாலாவதில்தான் உறைத்தது.
டோரீனின் நாற்று விளக்குகள் இல்லை.
தெருவிளக்கு இல்லை.
கார்களுக்குச் சூடு கொடுக்கும் வயர்கள்
வெறும் வயர்கள்.
கராஜ் கதவின் இடுக்கில்
எங்கள் வீடு கறுப்பாய் நின்றது.

ஒரு கால் சப்பாத்தோடு ஓடினேன்.
பனிக்கட்டிப் படியில் முழங்கால் அடிபட்டது.
அவன் கட்டிலில் குந்தியிருந்தான்,
முகமூடி நெற்றியில்,
போன் வெளிச்சத்தில் என் தலையணையைத் தடவியபடி.
"கரண்ட் போட்டுது.
நீ எங்கை போனனி?"

மூன்று துறைமுகங்களைப் பற்றி
இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை
கழியின் ஆணியைத் தளர்த்தி
வளையத்தை நாலு விரல் திருப்பி இறுக்கினேன்.
விஷயம் தெரிந்தவர் பார்த்தால்
பிழையாகப் பூட்டியிருக்கிறது என்பார்.
இப்போது எந்த நிலையம் வந்தாலும்
அதன் கீழே நூல் போல ஒரு சீறல்.
ஏறுகிறது.
இறங்குகிறது.
குமிழை அடுத்த நிலையத்துக்குத் திருப்புகிறேன்.