ஏறுவரிசை

லண்டனில் செம்பு விலை விழுந்த அன்று
கிட்வேயில் எதுவும் விழவில்லை.
சுரங்கக் கோபுரத்தில் சக்கரம் சுற்றியது.
கேண்டீனில் சோளக்களி, கீரை, பொடிமீன்.
ஒன்பது நாள் கழித்துத்தான் அந்த வரி வந்தது:
சப்ளையர்களுக்குப் பணம் தரும் கெடு
அறுபது நாளிலிருந்து நூற்றிருபது.

அதைத் தட்டச்சு செய்தது என் விரல்.
எண்ணுக்கு வயிறு கிடையாது;
பில் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே
தெரிந்துகொள்ளும் சங்கதி இது.

கபாசோ வந்தார். எங்களுக்குக் கையுறை தருபவர்.
கவுன்ட்டர் கண்ணாடியில் நெற்றியை ஊன்றி,
"லோம்பே, என் பில் எங்கே படுத்திருக்கிறது?"
"ஒப்புதலில்."
"அது எந்த வார்டு?"
இருவரும் சிரித்தோம்.
வாசலில் அவர் பிக்கப்,
ஸ்டெப்னி இருந்த இடத்தில் வெறும் கொக்கி.

சிஷிம்பா வரவில்லை, போன் செய்தார்.
எரிந்த மோட்டாருக்குச் சுருள் கட்டுபவர்.
எங்கள் காலடியிலிருந்து போன செம்பு
கம்பியாகித் திரும்பி வரும்.
அதை அவர் கடனில் வாங்குவார்.
செம்பு மலிந்தால் குவாச்சா மெலியும்,
குவாச்சா மெலிந்தால் கம்பி விலை ஏறும்.
"செம்பு மலிந்ததாமே," என்றார்,
"எனக்கு மட்டும் ஏன் மலியவில்லை?"
என் கோப்பில் அதற்குக் கட்டம் இல்லை.

ஜூன் கடைசியில் சக்கரம் நின்றது.
பராமரிப்பு நிலை என்று பெயர் வைத்தார்கள்.
இருநூற்றுப் பதினாலு பில். வங்கியில் இருந்தது
பாதிக் கடனுக்குக்கூடக் காணாது.
எப்போதும் பெரியதில் தொடங்குவோம்.
பெரியவர்களுக்கு வக்கீல் உண்டு.
யானை தின்றது போக எறும்புக்கு
என்று எங்காவது எழுதியிருக்கிறதா?
இரவு எட்டு மணிவரை தேடினேன்.
மூன்று கையேட்டிலும் இல்லை.
பழக்கம், அவ்வளவுதான்.

'தொகை' என்ற தலைப்பின் மேல்
ஒருமுறை சொடுக்கினால் ஏறுவரிசை,
இன்னொருமுறை சொடுக்கினால் இறங்குவரிசை.
ஒருமுறை சொடுக்கினேன்.

முதலில் முடாலே:
பதினோரு மேலங்கிக்கு ஜிப் மாற்றிய கூலி.
அடுத்து சாவி வெட்டியவர்,
குடிநீர் கேன், பாம்பு பிடித்தவர்.
கபாசோ முப்பது. சிஷிம்பா எழுபத்திரண்டு.
நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வரியில் பணம் தீர்ந்தது.

நிதி மேலாளர் தாளைப் புரட்டினார்.
"இது என்ன வரிசை?"
"ஏறுவரிசை, சார்."
பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார்.
ஜன்னல் வழியே நின்றுபோன சக்கரத்தைப் பார்த்தார்.
திறந்தார்.

காப்பாற்றினேன் என்று சொல்ல மாட்டேன்.
முடாலே அந்தக் காசில்
இரண்டு தையல்காரிகளுக்குக் கணக்குத் தீர்த்துவிட்டு
கடையைப் பூட்டிவிட்டாள்.
சிஷிம்பா கோதுமைப் பண்ணைகளின் பம்புகளைத் தேடிப்போய்
எப்படியோ தாக்குப்பிடித்தார்.
பணம் கிடைக்காத இருபத்தொருவரில்
இருபது பேர் வெளிநாட்டு முகவரி.
ஒருவர் எங்கள் தெரு.
கிரேன் வாடகைக்கு விட்டவர்; பில் பெரிது, ஆள் சிறிது.
அதை அந்த வரிசை பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.
இன்றும் என்னைக் கண்டால்
சாலையின் மறுபுறம் போகிறார்.

என் வேலை ஆகஸ்டில் போயிற்று.

இப்போது புதிய முதலாளி, புதிய பெயர்ப்பலகை,
சக்கரம் மறுபடி சுற்றுகிறது.
பிரின்ட்டருக்கு மை நிரப்பித் தருகிறேன் நான்.
விரல் நுனியெல்லாம் கறுப்பு.
இன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
என் கண்ணுக்குச் சற்று மேலே
யாரோ ஒருவரின் நெற்றித் தடம்,
எண்ணெய்ப் பிசுக்கோடு, துடைக்காமல்.
"தொண்ணூறு நாள், மேடம்," என்ற பையன்
திரைப் பக்கம் திரும்பினான்.
சொடுக்கும் சத்தம் கேட்டது.

ஒன்றா, இரண்டா?
அந்நேரம் பார்த்து
வெளியே ஒரு லாரி கிளம்பியது.